தலையில் வைத்த கை

நீங்க எதுவரைக்கும் போறிய? செந்தூருக்கா? நல்லதாப் போச்சு. நான் தேரிவிளைக்குப் பிரியுத விலக்குல இறங்கணும். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பையை இப்படி என் கால் பக்கம் தள்ளி வச்சிக்கிடுங்க, பரவாயில்ல. என்கிட்ட ஒண்ணும் இல்ல, இந்தக் கைப்பை மட்டும்தான்.

ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதிய. உங்களுக்குப் பையன் இருக்கானா? இருக்கான்லா. நாளைக்கு அவன் பெரியாளாகி, ஊருக்கே பந்தி விளம்புத இடத்துல நிக்கான்னு வைங்க. வரிசையில நீங்களும் உக்காந்திருக்கிய. அந்தப் பக்கம் இருக்கவளுக்கு வைக்கான், இந்தப் பக்கம் இருக்கவளுக்கு வைக்கான். உங்ககிட்ட வந்ததும் கரண்டியைத் தூக்கிக்கிட்டு, தலையில ஒரு கையை வச்சிட்டு அடுத்த இலைக்குப் போயிருதான். உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் பெத்தவன் அதைத்தான் எனக்குச் செஞ்சான். ஒரு மாசம் ஆவுது. இன்னும் என் உச்சந்தலையில அந்தக் கை கனக்கு.

சோத்துக்கா இவ்வளவு வருத்தம்னு பாக்கிய. சோறு இல்லம்மா. சோறெல்லாம் என் மருமக நேரத்துக்குப் போடுதா, அதுல குத்தம் சொல்ல முடியாது. இது வேற. நாங்க வேதக்காரங்க. மாசத்துல முத ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல ராப்போஜனம்னு ஒண்ணு உண்டு. பேருதான் ராப்போஜனம், காலையிலதான் கொடுப்பாவ. பீடத்துக்கு முன்னால மரக் கிராதி ஒண்ணு இருக்கும். அதுல வரிசையா முழங்கால் போட்டு நிப்போம். ஐயர் வந்து கையில அப்பம் வைப்பாவ. எங்கள்ல பாதிரியை ஐயர்னுதான் சொல்லுவோம், நீங்க வேற யாரையும் நினைச்சிராதிய. அப்பம்னா காசு அகலம்தான் இருக்கும், வாயில போட்டாக் கரைஞ்சிரும். பொறவு கிண்ணத்துல இருந்து ஒரு வாய் திராட்சை ரசம். அது ஆண்டவரோட சரீரமும் ரத்தமும். அது உனக்கு இல்லைன்னு சொன்னா, நீ அந்தக் குடும்பத்துலயே இல்லைன்னு அர்த்தம். இதுக்கு மேல விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியல.

சின்னப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. வயசு வந்து, படிச்சு, பேராயர் வந்து திடப்படுத்துன பொறவுதான் கொடுப்பாவ. அதுவரைக்கும் பிள்ளைக அம்மை கூட வந்து முழங்கால் போட்டா, ஐயர் தலையில கையை வச்சு ஆசீர்வதிச்சிட்டு நகந்துருவாவ. இப்ப விளங்குதா? அறுபத்திரண்டு வயசுக்காரி நான். பெண்கள் ஐக்கிய சங்கத்துல வருஷக்கணக்கா செயலாளரா இருந்தவ. ஞானப்பூ அக்கான்னா தெரியாத சபை கிடையாது. எனக்கு என் மகன், கால்சட்டை போட்ட பையனுக்கு வைக்க மாதிரி தலையில கையை வச்சிட்டுப் போயிட்டான். நான் ரெண்டு கையையும் ஏந்துனபடி நிக்கேன். வெறுங்கை. அப்பம் பக்கத்துல நிக்கவ கையில விழுது, அவ வாயில போட்டுட்டு ஓரக்கண்ணால என்னைப் பாக்கா.

ஆமா, என் மகன்தான் ஐயர். கிளாட்வின் ஐயர்னு பேரு.

அவன் தானா ஐயராகலை, நான் ஆக்குனேன். நீங்க மஞ்சச் சேலை கட்டியிருக்கியளே, நேர்ச்சையா? நாங்களும் நேர்ந்துக்கிடுவோம். மொட்டை, காதுகுத்துன்னு எங்கள்ல கிடையாது, பிள்ளையையே நேர்ந்து விட்டிருவோம். கிளாட்வினுக்கு அப்ப ரெண்டு வயசு. ஜன்னி கண்டு கையும் காலும் இழுக்கு. டாக்டரு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நான் அவனைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போயி, ஆராதனை நடந்துக்கிட்டிருக்கும்போதே நடுக்கோயில் வழியா நடந்து, பீடத்துக்கு முன்னால வெறுந்தரையில போட்டேன். 'ஆண்டவரே, இவனைப் பிழைக்க வச்சா இவன் உம்முடைய பிள்ளை, ஊழியத்துக்குக் கொடுத்திருதேன்'னு சத்தமாச் சொன்னேன். எங்க வீட்டு அவிய ஆம்பளைங்க பக்கத்துல உக்காந்திருந்தாவ. அவியட்ட நான் கேக்கலை. கேக்கதுக்கு நேரம் எங்க இருந்துச்சு. பிள்ளை பிழைச்சிட்டான்.

பன்னெண்டாவது முடிச்சதும் அவனுக்கு விவசாயக் காலேஜுல இடம் கிடைச்சிட்டு. மண்ணு, விதைன்னா பைத்தியம் அவனுக்கு. வீட்டுக்குப் பின்னால வெண்டை, தக்காளின்னு என்னமாவது நட்டுக்கிட்டே கெடப்பான். நான் முடியாதுன்னுட்டேன். 'ஏலே, நீ என் பிள்ளை இல்ல. ரெண்டு வயசுலயே உன்னைக் கொடுத்தாச்சு'ன்னேன். ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கெடந்தான். பொறவு எந்திரிச்சு வந்து, "சரிம்மா, கொடுத்தது கொடுத்ததாவே இருக்கட்டும்"னான். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிள்ளையை நேர்ந்துட்டுப் பொறவு இன்ஜினியருக்கு அனுப்புனவ எத்தனை பேரு இருக்காவ தெரியுமா? நான் சொன்ன சொல்லுல நின்னேன். நான் கொடுத்த பிள்ளை. அவனை வச்சே என்னை அடிச்சா அது எந்த ஊரு நியாயம், நீங்களே சொல்லுங்க.

ஏன் அப்படிச் செஞ்சான்னு கேக்கிய. எல்லாம் என் தங்கச்சி ரெஜினாவாலதான். நேத்து சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சிக்கிட்டிருந்தேன். இருங்க, வரிசையாச் சொல்லுதேன், அப்பதான் உங்களுக்குப் புரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால எங்க அம்மை செத்துப் போனா. ரெஜினா வீட்டுலதான் கெடந்தா, தேரிவிளையில. விழுந்து இடுப்பு ஒடிஞ்சதுல இருந்து நாலு வருஷம் படுக்கை. நான் பாக்க மாட்டேன்னு சொல்லலை. எங்க வீட்டுக்குப் படி ஏறணும், கக்கூசு வேற பின்னால தள்ளி இருக்கு. அதோட அம்மைக்கு ரெஜினா வைக்க கஞ்சிதான் பிடிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். நானும் போவேம்லா. கிறிஸ்மஸுக்குச் சேலை எடுத்துட்டுப் போவேன். ஜெபத்துல அம்மை பேரை ஒரு நாள் விட்டதில்ல.

செத்த அன்னைக்குக் காலையில தகவல் வருது. என் கெட்ட நேரம், அன்னைக்குத்தான் எங்க சங்கத்துப் பண்டிகை. பேராயரம்மா வாராவ, பேராயரோட வீட்டம்மா. மாலை போட்டு வரவேற்கது செயலாளர்தான். மாசக்கணக்கா அலைஞ்சு வாங்குன தேதி. ஓரமாப் போயி ரெஜினாவுக்குப் போன் பண்ணுனேன். 'ஏட்டி, மூத்தவ நான். நான் வந்து அம்மை முகத்தைப் பாக்காம பெட்டியை மூடக்கூடாது, கேட்டியா'ன்னேன். "சரிக்கா, சீக்கிரம் வா"ன்னா. காலையில வாரதாச் சொன்ன பேராயரம்மா மத்தியானம்தான் வந்தாவ. அது என் தப்பா? மாலையைப் போட்டேன். அவிய பேசிக்கிட்டிருக்கும்போது மேடையை விட்டு இறங்குனா மரியாதையா? முடிஞ்சதும் வீட்டுக்குப் போயி வெள்ளைச் சேலை மாத்துனேன். மூத்த மக பட்டுச்சேலையில போயி நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாவ. தேய்ச்ச சேலை இல்ல, அதுக்குக் கொஞ்ச நேரம். பஸ்ஸு கிடைக்கலை, அதுக்குக் கொஞ்ச நேரம். போயி இறங்கும்போது பொழுது அடையப் போவுது. வீட்டுல ஒருத்தரும் இல்ல. பந்தல்ல ஒருத்தன் நாற்காலியை மடக்கி அடுக்கிக்கிட்டிருக்கான். கல்லறைத் தோட்டத்துக்கு ஓடுனேன். மண்ணைப் போட்டு மூடி, மேட்டுல சிலுவையை நட்டுக்கிட்டிருக்காவ.

எங்கள்ல பெட்டியை மூடுறதுக்கு முன்னால ஒவ்வொருத்தரா வந்து முகம் பாப்போம். பெத்த பிள்ளைக கடைசியா வந்து, நெத்தியில முத்தம் கொடுத்து, அதுக்குப் பொறவுதான் துணியை இழுத்து மூடி ஆணி அடிப்பாவ. இனி ஆண்டவர் வார அன்னைக்குத்தான் அந்த முகத்தைப் பாக்க முடியும். அதுவரைக்கும் மனசுல வச்சிக்கிடுததுக்கு அது ஒண்ணுதான். எனக்கு அந்த முகம் கிடைக்கலைம்மா. இப்பவும் கண்ணை மூடுனா எங்க அம்மை முகம் எனக்கு வரமாட்டேங்கு. மண்மேடுதான் வருது.

'யாரு மூடுனது? யாரைக் கேட்டு மூடுனிய?'ன்னு நின்னு கேட்டேன். கிளாட்வின் நிக்கான். அப்ப அவன் ஐயருக்குப் படிச்சிட்டிருந்தான், எனக்கு முன்னாலயே வந்துட்டான். தலையைக் குனிஞ்சிக்கிட்டு நிக்கான். அவன் பக்கத்துல ரெஜினா. அவதான் முன்னால வந்தா. "நான்தான்க்கா மூடச் சொன்னேன். வெயிலு தாங்கலை"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

குழியில ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போடுறதும் எங்க வழக்கம். எனக்கு அதுவும் இல்லைன்னு ஆயிட்டு. நான் அந்த மேட்டுல இருந்தே ஒரு பிடி மண்ணை அள்ளி ரெஜினா மூஞ்சியில எறிஞ்சேன். 'எனக்கு இன்னைக்கு ரெண்டு பேரு செத்தாச்சு'ன்னு சொன்னேன். கண்ணுல விழுந்திருக்கும் போல, அவ துடைச்சிக்கிட்டே நின்னா. ஊரே பாத்துச்சு. பாக்கட்டும்னுதான் செஞ்சேன்.

அதுக்குப் பொறவு பேச்சு கிடையாது. அவ மக கல்யாணத்துக்குப் போகலை. அவ வீட்டுக்காரரு செத்ததுக்கும் போகலை. ஆனா பகைன்னு சொல்லிராதிய. எனக்கு யாரு மேலயும் பகை கிடையாது. அவ பேரையும் தினமும் ஜெபத்துல சொல்லுவேன். 'ஆண்டவரே, அவளை நீரே பாத்துக்கிடும்'னு சொல்லுவேன். அவருக்குப் புரியும்.

கிளாட்வின் ஐயராகி, கல்யாணம் முடிஞ்சு, எங்க வீட்டு அவியளும் காலமான பொறவு, நான் அவன் கூடவே குருமனைக்கு வந்துட்டேன். ஐயர் குடியிருக்க சபை கொடுக்க வீட்டைத்தான் அப்படிச் சொல்லுவோம். ஐயரைப் பெத்தவன்னா மரியாதையே தனி. கோயில்ல முத பெஞ்சுல எனக்கு இடம் போட்டிருப்பாவ. வீட்டுக்கு யாரு வந்தாலும் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் அவனைக் கேப்பாவ. இப்படி நல்லாத்தான் இருந்துச்சு, அவ வார வரைக்கும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு ராப்போஜன ஞாயிறு. கிராதியில முழங்கால் போட்டு நிக்கேன். பக்கத்துல ஒருத்தி வந்து முழங்கால் போடுதா. திரும்பிப் பாத்தா ரெஜினா, தேரிவிளையில இருந்து என்னைப் பாக்கன்னே வந்திருக்கா. முடியெல்லாம் வெளுத்து ஆளு பாதியாயிட்டா. "அக்கா"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிட்டு. எந்திரிச்சிட்டேன். 'இவ நிக்க வரிசையில நான் நிக்க மாட்டேன். இவ போகட்டும், பொறவு நான் வாங்கிக்கிடுதேன்'னேன். சத்தமாச் சொல்லிட்டேன் போல. பாட்டு நின்னு போச்சு. கிளாட்வின் கையில தட்டோட எங்க ரெண்டு பேருக்கும் முன்னால நிக்கான், வாயைத் தொறக்கப் போறான். ரெஜினா அவனைப் பாத்து வேண்டாம்னு தலையை ஆட்டுனா. எந்திரிச்சு, நடுவழியா நடந்து, வெளிய போயிட்டா. அப்பம் வாங்கலை. நான் திரும்ப முழங்கால் போட்டுக் கையை ஏந்துனேன். எனக்குக் கொடுத்தான். என் முகத்தைப் பாக்கலை, ஆனாலும் அன்னைக்குக் கொடுத்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் வந்து உக்காந்தான். "அம்மா, அப்பம் கொடுக்கதுக்கு முன்னால நான் வாசிக்கிறதைக் கேக்கியளா? யார் கூடயாவது மனஸ்தாபம் இருந்தா மொதல்ல போயி ஒப்புரவாயிட்டு வாங்கன்னு வாசிக்கேம்லா"ன்னான். ஒப்புரவுன்னா சண்டையை முடிச்சிட்டுச் சேர்றது.

'அது மாசாமாசம் வாசிக்கதுதானலே. வாசிக்கணும்னு இருக்கு, நீ வாசிக்கே. வேலிக்காகக் கோர்ட்டுல நிக்க அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில முழங்கால் போட்டு வாங்குதானுவ. அவனுவளை நீ என்ன செஞ்ச?'ன்னு கேட்டேன்.

"அவங்களையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்மா. ஊருக்கு ஒண்ணு, எங்க அம்மாவுக்கு ஒண்ணுன்னு என்னால கொடுக்க முடியாது. சித்தி கூட ஒரு வார்த்தை பேசுங்க. வீட்டுக்குக்கூடப் போக வேண்டாம், போன்ல பேசுங்க. இல்லைன்னா அடுத்த மாசம் கிராதிக்கு வராதிய"ன்னான்.

'வருவேன்'னேன். "வந்தா என்னால கொடுக்க முடியாதும்மா"ன்னான். அவன் அழாத குறையாத்தான் சொன்னான். ஆனா எனக்கு நம்பிக்கை. என் வயித்துல பொறந்தவன், அத்தனை சனத்துக்கு முன்னால எனக்கு இல்லைம்பானா? பாப்போம்னு போயி நின்னேன். பாத்துட்டேன்.

கோயில் முடிஞ்சு வெளிய வந்தா ஒருத்தி, "ஐயருக்கு மறந்துட்டு போல, பெரியம்மா"ங்கா. அவளுக்குச் சிரிப்பு தாங்கலை. இன்னொண்ணு கேளுங்க. அந்த வேலிக்கேசு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அடுத்த வாரமே கேஸை வாபஸ் வாங்கிட்டானுவ. பெத்த தாய்க்கே இல்லைன்ன ஐயரு நமக்கு எங்க கொடுக்கப் போறாருன்னு பயந்துட்டானுவளாம். ஊரெல்லாம் ஒரே மெச்சல். என் மானத்தை எடுத்து ஊருக்குச் சமாதானம் வாங்கிக் கொடுத்திருக்கான் என் பிள்ளை. அதுக்கு எனக்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்லலை.

ஒரு மாசமா அவன் கூடப் பேசலை. தட்டை மருமக வச்சா சாப்பிடுவேன், அவன் வந்தா எந்திரிச்சு உள்ள போயிருவேன். நேத்து சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருக்கேன். எனக்கு எதிர்த்தாப்ல வந்து தரையில உக்காந்தான். "நாளைக்கு முத ஞாயிறும்மா"ன்னான்.

'தெரியும். நாளைக்கும் வருவேன். நாளைக்கும் தலையில கையை வை. எத்தனை மாசம் வைப்பியோ, நானும் பாக்கேன்'னேன்.

"அம்மா, பெட்டியை மூடச் சொன்னது சித்தி இல்ல."

'பின்ன யாரு?'

"நான்தான்."

பஸ்ஸு குலுக்குதுல்லா, இந்தக் கம்பியைப் பிடிச்சிக்கிடுங்க.

அவன் சொன்னதை அப்படியே சொல்லுதேன். "மத்தியானத்துக்கு மேல ஆச்சி முகம் பாக்க மாதிரி இல்லம்மா. சித்திரை வெயிலு. ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டும் வரலை. மூக்குல இருந்து வழிய ஆரம்பிச்சிட்டு. வந்தவிய முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு எட்ட நின்னு பாத்துட்டுப் போறாவ. ஆச்சி எவ்வளவு சுத்தமான ஆளு, உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தாங்கலை. சித்திதான் 'அக்கா வரட்டும், அக்காவுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்'னு பெட்டியைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு அழுதாவ. நான் அவிய கையை எடுத்து விட்டுட்டு மூடச் சொன்னேன்."

'அப்ப ஏம்லே சொல்லலை?'ன்னேன்.

"நீங்க கேட்டதும் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சித்தி என் கையைப் பிடிச்சு அழுத்திட்டு முன்னால போயிட்டாவ. பொறவு எங்கிட்ட, 'உங்க அம்மைக்கு நீ ஒரே பிள்ளைடே. உன்னையும் வெறுத்துட்டா அவளுக்கு யாரு இருக்கா? என் மேலயே இருக்கட்டும், நான் தாங்கிக்கிடுவேன்'னாவ. நானும் சரின்னுட்டேன். நாளாக நாளாகச் சொல்லுததுக்குத் தைரியம் இல்லாமப் போச்சு. அன்னைக்குச் சித்தி அப்பம் வாங்காம எந்திரிச்சுப் போனதைப் பாத்த பொறவு எனக்கு உறக்கம் இல்லம்மா."

நான் கீரையை உருவிக்கிட்டே இருக்கேன். காம்பும் இலையும் சேந்து சட்டியில விழுது. வேற என்ன செய்யன்னு எனக்குத் தெரியல. அப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டேன். 'எனக்கு அப்பம் இல்லைன்னியே, இதை மறைச்ச உனக்கு யாருலே கொடுத்தா?'

முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதான். அழட்டும்னு விட்டுட்டேன். பொறவு கண்ணைத் துடைச்சிக்கிட்டு, "நாளைக்கு நான் பீடத்துல நிக்கலை. வேற ஐயரை வரச் சொல்லியாச்சு. சபைக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லிட்டு, சனத்தோட சனமாக் கீழ உக்காந்திருதேன். நீங்க என்னை மன்னிச்சாத்தான் இனி எனக்கு அப்பம்"னான். 'உக்காரு'ன்னேன். கீரைச் சட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

இந்நேரம் சொல்லியிருப்பான். பிரசங்கம் முடிஞ்சதும் சொல்லுதேன்னான். சனமெல்லாம் என் பெஞ்சைத்தான் திரும்பிப் பாக்கும். பாத்தா அங்க ஆளு இல்ல. விடியக்காலம் யாருட்டயும் சொல்லாம கிளம்பி வந்துட்டேன்.

நீங்க நினைக்கிய, இவ தங்கச்சி கூடச் சேரப் போறான்னு. சேரவா? அவட்ட ஒரு கேள்வி கேக்கத்தான் போறேன். என் பிள்ளை செஞ்ச குத்தத்தை என்கிட்ட இருந்து மறைக்க நீ யாருட்டீன்னு கேக்கணும். நான் அவனைப் பெத்தவ. திட்டியிருப்பேன், ரெண்டு அடி கொடுத்திருப்பேன், அழுதிருப்பேன், ஒரு வாரத்துல தீந்திருக்கும். அதை எனக்கு இல்லாம ஆக்கிட்டாளே. ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து ஒரு ரகசியத்தைக் கையில வச்சிக்கிட்டு, என்னை வெளிய நிப்பாட்டிட்டாவ. நான் ஆளு மாத்தி வெறுத்திருக்கேம்மா, இத்தனை வருஷமா. அந்த வெறுப்பை இப்ப நான் எங்க கொண்டு போயி இறக்கி வைக்க? பிள்ளை மேல வைக்க முடியுமா? அவ மேல இருந்து எடுத்தா அவளுக்கு மிச்சம் என்ன கொடுக்க?

அதுதான் எனக்கு விளங்கவே மாட்டேங்கு. ஒருத்தன் செஞ்ச குத்தம். ஒண்ணும் செய்யாத ஒருத்தி, வாயைத் தொறக்காம அதைத் தன் மேல எடுத்துப் போட்டுக்கிடுதா. மண்ணை எறிஞ்சா துடைச்சிக்கிடுதா. விரட்டுனா எந்திரிச்சுப் போயிருதா. எதுக்குன்னு கேட்டா, அவன் நல்லா இருக்கட்டும், இவ நல்லா இருக்கட்டும்ங்கா. இப்படி ஒரு கூத்தை நீங்க எங்கயாவது கேட்டிருக்கியளா? நான் அறுபது வருஷமா கோயிலுக்குப் போறேன். கேட்டதே இல்ல.



அன்னா, பனைக்கூட்டம் தெரியுதுல்லா, அதுக்கு அங்கிட்டுதான் தேரிவிளை விலக்கு. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க, சேலையைச் சரி பண்ணிக்கிடுதேன். கண்டக்டர் தம்பி, விலக்குல நிப்பாட்டுப்பா.

இருங்க. அது யாரு, நிழற்குடைக்கு வெளிய நிக்கது?

அவதான். கிளாட்வின் போன் பண்ணியிருப்பான். நான் எங்க போவேன்னு அவனுக்குத் தெரியாதா. பாத்தியளா, இதுலயும் ரெண்டு பேரும் ஒண்ணு. உள்ள நிழல்ல உக்கார வேண்டியதுதானே, எதுக்கு வெயில்ல நிக்கா? ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டே வாரா. நீங்க கொஞ்சம் முன்னால சாயுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருங்க.

இல்லப்பா, நான் இறங்கலை. பேசாம விசிலைக் கொடு. செந்தூருக்கு ஒரு டிக்கெட் போடு, மிச்சத்தை நான் தாரேன்.

ஏன் இறங்கலைன்னு கேக்கியளா? என்ன கேக்கணும்னு வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். அவ மூஞ்சியைப் பாத்ததும் எல்லாம் போயிட்டு. நான் இறங்குனா அவ ஒண்ணும் கேக்க மாட்டா. ஏன் இத்தனை வருஷம்னு கேக்க மாட்டா, மண்ணை ஏன் எறிஞ்சேன்னு கேக்க மாட்டா. "அக்கா"ம்பா. அவ்வளவுதான் சொல்லுவா. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

நிக்கட்டும். அன்னைக்கு ஒரு பொழுது எனக்காகக் காத்திருக்க முடியலையே அவளுக்கு. இன்னைக்கு நிக்கட்டும்.

அவ மூடலைன்னு சொல்லுதிய. தெரியும்மா. இப்பதான் உங்ககிட்ட நான் சொன்னேன், எனக்கே திருப்பிச் சொல்லுதிய. அவ மூடலை. அவ அழுதா. தெரியும். ஆனாலும் நிக்கட்டும்.

பஸ்ஸு எடுத்துட்டான். நீங்க திரும்பிப் பாக்காதிய, பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும்.

ஏம்மா. ஜன்னல் உங்க பக்கம்தானே. லேசா எட்டிப் பாத்துச் சொல்லுங்க. இன்னும் நிக்காளா?